உறைந்துபோன ஓய்வூதியம்: செனகல் முதுவீரர்கள் பிரெஞ்சு நீதிமன்றங்களில் நடத்திய நெடிய வழக்கு

பாரிஸ் மாநகரின் வடகிழக்கே உள்ள பொண்டி, நம்மவர்க்குப் பழக்கமான புறநகர்களுள் ஒன்று. அங்குள்ள விடுதியொன்றின் சிறிய அறைகளில், 2023 ஆம் ஆண்டுவரை, தொண்ணூறு வயதை அண்மித்த ஆபிரிக்க முதியவர்கள் சிலர் தனித்து வாழ்ந்து வந்தனர். மனைவி மக்களும் பேரப்பிள்ளைகளும் செனகலில் இருந்தனர். இவர்கள் மட்டும் இங்கே குளிரில் இருந்தனர். பிழைப்புத் தேடி வந்த வயதன்று அது. ஆண்டில் ஆறு மாதங்களுக்கு மேல் பிரான்சு மண்ணில் தங்கியிருந்தால் மட்டுமே முதியோருக்குரிய குறைந்தபட்ச உதவித்தொகை கிடைக்கும் என்பது அப்போதைய சட்டம். ஊரிலிருந்து அந்தத் தொகையைப் பெற வழியிருக்கவில்லை. ஆகவே மாதம் ஏறத்தாழ 950 யூரோவுக்காக அவர்கள் குடும்பத்தை விட்டு இங்கே காலங்கழித்தனர்.

அவர்கள் ஒருகாலத்தில் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் போரிட்டவர்கள். அரசு அந்தத் தங்கல் விதியை அவர்களுக்காக நீக்கியபின், 2023 ஏப்ரல் 28 ஆம் நாள் முதல் ஒன்பது பேர் டக்கார் நோக்கி விமானம் ஏறினர். செய்தித்தாள்களில் படம் வந்தது. படத்தைப் பார்த்தவர்கள் பலர், அந்த ஒன்பது பேருக்கு முன்னே எத்தனை ஆயிரம் பேர் எத்தனை ஆண்டுகள் நீதி கேட்டு அலைந்தனர் என்பதை அறிந்திருக்க மாட்டார்கள். அவ்வரலாற்றையே இக்கட்டுரை கூற முற்படுகின்றது.

யாழ்ப்பாணத்தில் முன்னொரு காலத்தில் 'மலாயாப் பென்சன்காரர்' என்றொரு பிரிவினர் இருந்தனர். வாசகர்களில் மூத்தோர் அவர்களை அறிவர். பிரித்தானிய ஆட்சிக் கால மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உழைத்து, முதுமையில் ஊருக்குத் திரும்பி, கல்வீடு கட்டி, சாய்மனைக் கதிரையில் அமர்ந்து பத்திரிகை படித்தவர்கள். உழைத்த நாடு ஒன்று, முதுமையைக் கழித்த நாடு வேறு. பணமோ கடல் கடந்து வந்து சேர்ந்தது. பென்சன் என்பது தருமமன்று, உழைத்த காலத்தில் கொடாது பின்னுக்கு வைத்திருந்த சம்பளமே என்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் சட்டம் படியாமலே உணர்ந்திருந்தனர். இவ்வெளிய உண்மையைப் பிரான்சின் உயர் நீதிமன்றம் ஒன்று எழுத்தில் வடிப்பதற்கு 2001 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

படை பிறந்த கதை

'திராயேர் செனகலே' எனப்பட்ட ஆபிரிக்கக் காலாட்படை 1857 இல் மூன்றாம் நெப்போலியனின் ஆணையால் அமைக்கப்பட்டது. செனகலின் ஆளுநராக இருந்த பெதேர்ப் என்பவரே இதற்கு முன்னின்றவர். பெயரிலே செனகல் இருப்பினும், மாலி, கினி, ஐவரி கோஸ்ட், அப்பர் வோல்ட்டா, நைஜர், சாட் என மேற்கும் நடுவுமான ஆபிரிக்காவின் பல நிலங்களிலிருந்தும் ஆட்கள் சேர்க்கப்பட்டனர். முதலிற் சேர்ந்து பயிற்சி பெற்ற இடத்தின் பெயர் எல்லோர்க்கும் பெயராகியது.

முதலாம் உலகப் போரில் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் படைக்கு எடுக்கப்பட்டனர். முப்பதாயிரம் அளவினர் மாண்டனர். வெர்டனிலும், 1917 இல் ஷெமன் தே தாம் மலைச்சரிவிலும் அவர்கள் விழுந்தனர். ஆள்சேர்ப்பு எல்லா இடத்திலும் மனமுவந்து நடந்ததன்று. ஊர்த்தலைவர்கள் கணக்குப்படி இளைஞரைப் பிடித்துக் கொடுத்தனர். சில மாவட்டங்களில் கிளர்ச்சி எழுந்தது. 1918 இல், பிரெஞ்சுப் பாராளுமன்றத்தில் அமர்ந்த கறுப்பின உறுப்பினரான பிளேய்ஸ் தியாஞ் நேரிற் சென்று ஆள் திரட்டினார். இரத்தம் சிந்தினால் உரிமை கிடைக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் பலித்தது என்பதைப் பின்வரும் பக்கங்கள் காட்டும்.

1940 சூனில் ஜேர்மன் படை பிரான்சினுள் புகுந்தபோது, சரணடைந்த கறுப்பின வீரரை அது பல இடங்களில் போர்க்கைதிகளாகக் கொள்ளாது கொன்றது. லியோன் நகருக்கு அண்மையிலுள்ள ஷாஸ்லே என்னும் சிற்றூரில் சூன் 19, 20 ஆம் நாள்களில் நடந்த கொலை இவற்றுள் அறியப்பட்டது. அவ்வூரில் ஆபிரிக்கக் கட்டடமுறையில் செம்மண் நிறச் சுவர்களோடு அமைந்த கல்லறைத் தோட்டம் இன்றும் உண்டு. ஏறக்குறைய இருநூறு பேர் அங்கே துயில்கின்றனர். லியோனில் வாழும் வாசகர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம். உயிர் தப்பியோர் கைதிகளாயினர். பிற்காலத்தில் செனகலின் முதல் ஜனாதிபதியாகிய கவிஞர் செங்கோரும் அவ்வாறு பிடிபட்ட ஒரு வீரரே.

1944 ஆகஸ்டில் தென்பிரான்சின் கரையில் இறங்கித் தூலோன் நகரை மீட்டதில் ஆபிரிக்கப் படையினரின் பங்கு பெரிது. ஆயினும் அவ்விலையுதிர் காலத்திலேயே, குளிரைக் காரணங்காட்டி, கறுப்பின வீரர் பல்லாயிரவர் முன்னரங்கிலிருந்து விலக்கப்பட்டு, அவர்தம் இடத்தில் பிரெஞ்சு எதிர்ப்பியக்க இளைஞர் நிறுத்தப்பட்டனர். பல இடங்களில் மேலங்கியையும் துப்பாக்கியையும் அங்கேயே கையளித்துவிட்டுச் சென்றனர். குளிர் ஒரு காரணம்தான். வெற்றி ஊர்வலத்தில் எந்த முகம் முன்னே தெரியவேண்டும் என்ற எண்ணமும் இருந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் மறைக்கவில்லை.

தியாரோய்

அதே ஆண்டின் இறுதியில் நடந்ததொன்றைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும்; ஏனெனில் பின்னர் எழுந்த வழக்குகள் அனைத்தினதும் விதை அங்கேயே கிடக்கின்றது.

ஜேர்மனியர் கறுப்பினக் கைதிகளைத் தம் நாட்டுக்குக் கொண்டு செல்லாது பிரான்சிலேயே முகாம்களில் அடைத்து நான்கு ஆண்டுகள் வேலை வாங்கினர். பிரான்சு விடுவிக்கப்பட்டதும் இவர்களை ஊருக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. நான்கு ஆண்டுச் சம்பள நிலுவையில் காற்பங்கு பிரான்சில் கப்பலேறும்போதும், முக்காற்பங்கு ஊரில் இறங்கியபின்னும் தரப்படும் என்பது ஆணை. பிரான்சின் பிரெத்தாஞ் கரையிலுள்ள மொர்லேயில் ஏறியவர்கள் 1944 நவம்பர் 21 ஆம் நாள் டக்கார் துறைமுகத்தில் இறங்கினர். நகருக்கு வெளியே தியாரோய் முகாமில் வைக்கப்பட்டனர். பணம் வரவில்லை. ஒரு பகுதியினரை முதலில் மாலிப் பகுதிக்கு அனுப்ப அதிகாரிகள் முயன்றபோது, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாலன்றிப் போகோம் என அவர்கள் மறுத்தனர்.

டிசம்பர் முதலாம் நாள் காலை முகாம் சூழப்பட்டது. இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கின. இறந்தவர் 35 பேர் என அதிகாரபூர்வமாகக் கூறப்பட்டது. அக்காலத்து இன்னோர் இராணுவ அறிக்கையிலோ எண்ணிக்கை 70 வரை செல்கின்றது. பலநூறு பேர் என்போரும் உளர். புதைத்த இடம்கூடத் தெளிவாகக் காட்டப்படாத நிலையில் இந்த ஐயம் எழாமல் வேறென்ன செய்யும்? உயிர் தப்பியோரில் 34 பேர் கலகக் குற்றம் சாட்டப்பட்டு 1945 மார்ச்சில் தண்டிக்கப்பட்டனர். செனகலின் அரசியல்வாதியும் சட்டத்தரணியுமான லமீன் கேய் அவர்களுக்காக வாதாடினார். 1947 இலேயே எஞ்சியோர் விடுவிக்கப்பட்டனர்.

சம்பளம் கேட்டதே அவர்கள் செய்த குற்றம். முன்னாள் திராயேர் வீரரான நெறியாளர் உஸ்மான் செம்பேன் 1988 இல் இதனைத் திரைப்படமாக்கினார்.

படிகமாகிய சட்டம்

போர் முடிந்தபின்னும் இப்படையினர் வீட்டுக்குப் போகவில்லை. இந்தோசீனாவுக்கும் பின்னர் அல்ஜீரியாவுக்கும் அனுப்பப்பட்டனர். பதினைந்து, இருபது ஆண்டுகள் சேவை செய்தோர் இராணுவ ஓய்வூதியத்துக்கும், காயமுற்றோர் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கும், களங்கண்டோர் போர்வீரர் படிக்கும் உரியவராயினர். பிரெஞ்சுத் தோழருக்கும் இவர்க்கும் ஏட்டில் பெரிய வேறுபாடில்லாத ஒரு காலமும் இருந்தது.

1960 இல் ஆபிரிக்க நாடுகள் அடுத்தடுத்துச் சுதந்திரம் பெற்றன. அதற்குச் சற்று முன்னர், 1959 டிசம்பர் 26 ஆம் நாள் நிறைவேறிய வரவுசெலவுச் சட்டத்தின் 71 ஆம் பிரிவில் ஒரு சிறிய பத்தி நுழைக்கப்பட்டது. பிரெஞ்சு ஒன்றியத்திலோ சமூகத்திலோ முன்னர் இருந்து பிரிந்த நாடுகளின் குடிகளுக்குரிய ஓய்வூதியங்கள், 1961 சனவரி முதலாம் நாளிலிருந்து, மாற்றம் நிகழும் நாளின் விகிதப்படி கணிக்கப்பட்ட ஆண்டுத்தொகையாக மாற்றப்படும் என்பது அதன் சாரம். அதாவது, அன்றைய தொகை அன்றைய தொகையாகவே நிற்கும். பிரான்சில் விலைவாசி ஏறும். பிரெஞ்சு வீரரின் ஓய்வூதியமும் அதனோடு ஏறும். ஆபிரிக்கரின் தொகை மட்டும் ஏறாது. 'கிறிஸ்தலிசாசியோன்', படிகமாதல் என இதற்குப் பெயரிட்டனர். பெயர் அழகாகத்தான் இருக்கின்றது.

அந்தப் பத்தியில் இன்னொரு சொற்றொடரும் கிடந்தது. தொகை உரியவர் தாமே அனுபவிக்கும் காலம் வரைக்கும் எனக் கூறப்பட்டது. வீரர் கண்மூடினால் மனைவிக்குச் செல்லும் பங்கு அத்தோடு அற்றுப்போம் என்பதே இதன் பொருள். பிரெஞ்சு வீரரின் விதவைக்கு அப்பங்கு உண்டு. செனகல், மாலி விதவையர் பலர் கணவனின் பதக்கத்தையும் ஒரு கடதாசியையும் மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சிய காலத்தைக் கழித்தனர்.

ஒவ்வொரு நாட்டுக்கும் உறைவு நாள் வேறுபட்டது. மொறோக்கோ, துனிசியா, இந்தோசீன நாடுகளுக்கு முதலிலேயே வந்தது. செனகலுக்குப் பிந்தியது. 1979 டிசம்பரில் நிறைவேறிய வரவுசெலவுச் சட்டம், 1975 சனவரி முதலாம் நாளைக்கே பின்சென்று, செனகலரின் ஓய்வூதியத்தையும் உறையவைத்தது. இதன் விளைவாக ஒரே பதுங்குகுழியில் ஒரே குண்டால் கால் இழந்த நால்வர் நான்கு வகைத் தொகை பெற்றனர். 2002 அளவில் பரவலாக எடுத்துக்காட்டப்பட்ட கணக்கு இது: முழு ஊனமுற்ற வீரர் பிரெஞ்சுக்காரராயின் மாதம் 690 யூரோ, செனகலராயின் 230, கமரூன் நாட்டவராயின் 104, மொறோக்கோ அல்லது துனிசியா நாட்டவராயின் 61.

இவ்விடத்தில் நம்மினத்தோடு தொடர்புடைய ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. புதுச்சேரித் தமிழரும் பிரெஞ்சுப் படையிற் சேவை செய்தவர்களே. ஊரில் அவர்களைச் 'சொல்தா' என்பர். புதுச்சேரியைக் கையளிக்கும் உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்து கொள்ளும் உரிமை அங்குள்ளோர்க்குத் தரப்பட்டது. தேர்ந்து கொண்ட சொல்தாக்கள் பிரெஞ்சுக்காரராகவே நின்றமையால் உறைவுச் சட்டம் அவர்களைத் தொடவில்லை. பென்சன் முழுதாக வந்தது. புதுச்சேரியின் பல வீடுகள் அதனால் நிமிர்ந்தன. ஒரே படையில், ஒரே இந்தோசீனக் காட்டில் நின்ற தமிழனுக்கும் மாலிக்காரனுக்கும் இடையே முதுமையில் எழுந்த வேறுபாடு, வீரத்தாலோ காயத்தாலோ வந்ததன்று. ஒரு விண்ணப்பத் தாளில் இட்ட கையொப்பத்தால் வந்தது. ஆபிரிக்க வீரர் மிகப் பலருக்கு அத்தகைய தாள் நீட்டப்படவேயில்லை.

ஜெனிவா வரை

முதற் பெரிய வழக்கு 1985 அக்டோபரில் தொடங்கியது. பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்ற 743 செனகலர், இப்ராகிமா கேய் என்பவரின் பெயரை முதலாகக் கொண்டு, ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டனர். பிரான்சு, தனிமனிதர் முறையிடும் உரிமையை ஏற்று ஓராண்டே கடந்திருந்தது. அவ்வாய்ப்பை இம்முதியவர்கள் இவ்வளவு விரைவாகக் கண்டுகொண்டமை வியக்கத்தக்கதே.

பிரெஞ்சு அரசு பல வாதங்களை வைத்தது. அவர்கள் இப்போது வேற்று நாட்டவர் என்றது. செனகலின் வாழ்க்கைச் செலவு குறைவு என்றது. மூன்றாவதாகக் கூறியதே நம்மவர் ஊன்றிக் கேட்கவேண்டியது: ஆபிரிக்க நாடுகளில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் ஒழுங்காக இல்லை, ஆகவே யார் யார் என்று சரிபார்க்க இயலாது, மோசடி நிகழும் என்றது. எரிந்துபோன கச்சேரியிலிருந்து பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவா என்று கேட்கப்பட்டு நின்ற எவர்க்கும் இவ்வாதம் புதிதன்று. போருக்கு ஆள் எடுத்தபோது பதிவேடு இல்லாமை இடையூறாக இருக்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

1989 ஏப்ரல் 3 ஆம் நாள் குழு தன் முடிவை வெளியிட்டது. ஓய்வூதியம் வழங்கப்பட்டது நாட்டுரிமைக்காக அன்று, செய்த சேவைக்காகவே. சேவை அனைவர்க்கும் ஒன்றாயிருக்கப் பின்னர் மாறிய நாட்டுரிமையைக் காட்டித் தொகையைக் குறைத்தல் நியாயமான காரணமாகாது. நிர்வாகச் சிரமமும் மோசடி நிகழக்கூடும் என்ற அச்சமும் சமனின்மைக்குச் சாட்டாகா. பிரான்சு உடன்படிக்கையின் 26 ஆம் உறுப்பை மீறியுள்ளது. முதியவர்கள் வென்றனர்.

வென்றனர், ஆனால் பணம் ஏறவில்லை. அக்குழுவின் முடிவை நிறைவேற்றுமாறு ஓர் அரசைக் கட்டாயப்படுத்தப் பொலிஸ் இல்லை. சட்டம் அப்படியே இருந்தது. 1996 ஏப்ரலில் நிலைமை இன்னும் மோசமாகியது. விதவை ஒருவரின் விடயத்தில் கருத்துக் கேட்கப்பட்டபோது, பிரான்சின் அதியுயர் நிர்வாக நீதிமன்றமாகிய கொன்செய் தெத்தா, அந்த 26 ஆம் உறுப்பு குடியியல், அரசியல் உரிமைகளைப் பற்றியதே, ஓய்வூதியத்துக்கு அதனைத் துணைக்கு அழைக்க இயலாது என்றது. ஜெனிவாவில் திறந்த கதவு பாரிசில் சாத்தப்பட்டது. நமது அகதி வழக்குகளிலும் இறுதிப்படியாக நிற்கும் அதே நீதிமன்றமே அது.

மற்றொரு கதவு எதிர்பாராத திசையிலிருந்து திறந்தது. அதே 1996 இன் செப்டெம்பர் 16 ஆம் நாள், ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், கைகூசுஸ் என்னும் துருக்கித் தொழிலாளரின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒஸ்ரியாவில் உழைத்து, வேலையின்மைக் காப்புறுதிக்குப் பணங்கட்டி வந்த அவருக்கு, ஒஸ்ரியக் குடியல்லர் என்ற ஒரே காரணத்தால் அவசர உதவி மறுக்கப்பட்டது. அவ்வுதவியும் ஒரு வகைச் சொத்துரிமையே. வெறும் நாட்டுரிமையை வைத்து அதனை மறுப்பது பாகுபாடு என்றது நீதிமன்றம். படைவீரரின் சட்டத்தரணிகள் கையில் இப்போது வேறோர் ஆயுதம் வந்தது. ஐரோப்பிய உடன்படிக்கையைப் பிரெஞ்சு நீதிபதிகள் எளிதில் தள்ள முடியாது.

அமடு டியோப்

அமடு டியோப் 1937 இல் பிரெஞ்சுப் படையிற் சேர்ந்து 1959 இல் விலகியவர். விலகும்போது அவர் பிரெஞ்சுக் குடி. மறு ஆண்டு செனகலர். அவருடைய ஓய்வூதியம் சமதரப் பிரெஞ்சு வீரர் பெற்றதில் மூன்றிலொரு பங்கு அளவிலேயே நின்றது. சமமாக உயர்த்தித் தருக என விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டது. வழக்காடினார். 1999 சூலையில் பாரிஸ் மேன்முறையீட்டு நிர்வாக நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பாதுகாப்பு அமைச்சரும் நிதி அமைச்சரும் அதனை எதிர்த்துக் கொன்செய் தெத்தாவுக்குச் சென்றனர். ஒரு முதியவரின் ஓய்வூதியத்துக்கு எதிராக இரண்டு அமைச்சுகள் அணிவகுத்தமைக்குக் காரணம் இருந்தது. அவர் வென்றால் பல்லாயிரவர் வெல்வர்.

2001 நவம்பர் 30 ஆம் நாள் அமைச்சர்களின் மேன்முறையீடு தள்ளப்பட்டது. அரச சேவையாளரின் ஓய்வூதியம் பின்போடப்பட்ட சம்பளம். அவர் வகித்த பணியின் மதிப்புக்கு ஏற்ப வாழ வகை செய்வதே அதன் நோக்கம். அந்நோக்கத்துக்கும் நாட்டுரிமைக்கும் தொடர்பில்லை. எனவே நாட்டுரிமை ஒன்றையே அளவுகோலாக்கிய உறைவுச் சட்டம் ஐரோப்பிய உடன்படிக்கைக்கு முரணான பாகுபாடு என்பது தீர்ப்பின் உள்ளடக்கம். மலாயாப் பென்சன்காரர் அறிந்திருந்த அதே உண்மை.

ஆனால் தீர்ப்பை ஊன்றிப் படித்த அரச சட்டவல்லுநர் அதிலே ஓர் இடுக்கைக் கண்டனர். வாழும் நாட்டின் செலவைக் கருதியே தொகை குறைக்கப்பட்டது என்ற அரசின் வாதத்துக்கு, சட்டம் வாழிடத்தைப் பாராது நாட்டுரிமையைத்தானே பார்க்கின்றது என நீதிமன்றம் விடையிறுத்திருந்தது. அப்படியாயின் வாழிடத்தை அளவுகோலாக்குவோம் என்றனர். 2002 டிசம்பர் 30 ஆம் நாள் சட்டம் அவ்வாறே வந்தது. பிரான்சுக்கு வெளியே வாழ்ந்தோர்க்கு, அந்தந்த நாட்டின் வாங்குந் திறனுக்கேற்பத் தொகை கணிக்கப்பட்டது. கொஞ்சம் ஏறியது, சமனாகவில்லை. அதிலும், செனகலிலேயே குடியிருக்கும் பிரெஞ்சுக் குடியான முன்னாள் வீரருக்கு இக்குறைப்பு இல்லை. ஒரே தெருவில் ஒரே மீனை ஒரே விலைக்கு வாங்குவோரில் ஒருவர்க்கு முழுத்தொகை, மற்றவர்க்குப் பின்னம். குடியேறியோர்க்குச் சட்ட உதவி செய்யும் கிஸ்தி அமைப்பு இதனையும் எதிர்த்து வழக்காடியது. 2006 சூலையில் கொன்செய் தெத்தா புதிய முறையைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது.

நீதிமன்றம் செய்யாததை ஒரு திரைப்படம் ஓரளவு செய்தது. ரஷீட் புஷாரெப் நெறிப்படுத்திய 'அந்திஜேன்' வட ஆபிரிக்க வீரரின் கதையைச் சொல்வது. 2006 மே மாதத்தில் கான் விழாவில் அதன் நடிகர் ஐவர்க்கும் சேர்த்துச் சிறந்த நடிகர் விருது தரப்பட்டது. செப்டெம்பர் 27 ஆம் நாள் படம் அரங்குகளுக்கு வந்தது. அதே நாளில் சிராக்கின் அரசு, 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 80,000 முன்னாள் வீரரின் போர்வீரர் படியும் ஊனமுற்றோர் ஓய்வூதியமும் 2007 முதல் சமனாக்கப்படும் என அறிவித்தது. ஜனாதிபதி படத்தைப் பார்த்து மனமுருகினார் என எழுதினார்கள். இருக்கலாம். ஆனால் டியோப் வழக்காடிய வகையான, நீண்ட சேவைக்குரிய இராணுவ ஓய்வூதியம் இவ்வறிவிப்பில் சேரவில்லை. கடந்த காலத்து நிலுவையும் சேரவில்லை.

எஞ்சியதையும் முடித்து வைத்தது வேறொரு வழக்கு. 2010 மார்ச் முதலாம் நாளிலிருந்து, நடைமுறையிலுள்ள சட்டமொன்று அரசியலமைப்புக்கு முரண் என வழக்காளி எழுப்பும் வினாவை அரசியலமைப்பு மன்றத்துக்கு அனுப்பும் வழி பிரான்சில் திறந்தது. அவ்வழியே முதன்முதலாகச் சென்று முதலாம் இலக்கத்தைப் பெற்ற வழக்கு எதுவெனில், அல்ஜீரியக் குடும்பமொன்றின் இராணுவ ஓய்வூதிய வழக்கே. 2010 மே 28 ஆம் நாள் மன்றம் தீர்ப்பளித்தது. வாழும் நாட்டின் செலவை அரசு கருதலாம். ஆனால் ஒரே அயல்நாட்டில் வாழும் பிரெஞ்சுக் குடிக்கும் பிற குடிக்கும் இடையே வேறுபாடு காட்டல் சமத்துவத்துக்கு மாறானது என்றது. உறைவுச் சட்டத்தின் பிரிவுகள் 2011 சனவரி முதலாம் நாளோடு வீழ்ந்தன. 1959 இல் எழுதிய பத்தி ஐம்பத்தோராண்டு வாழ்ந்தது. அதனால் பாதிக்கப்பட்டோரில் மிகப் பலர் அத்தனை ஆண்டு வாழவில்லை.

எல்லா நாட்டு நீதிமன்றங்களும் ஒன்றுபோல் இயங்குவதில்லை என்பதையும் இலண்டன் வாசகர்க்காகச் சொல்லிவைக்க வேண்டும். பிரித்தானியப் படையிற் சேவை செய்த நேபாளக் கூர்க்காக்களும் சம ஓய்வூதியம் கேட்டு வழக்காடினர். 1997 சூலைக்கு முந்திய அவர்களது சேவையாண்டுகள் பிரித்தானிய வீரரின் ஆண்டுகளிலும் குறைத்தே மதிக்கப்படுகின்றன. அவ்வழக்கு ஸ்ட்ராஸ்பூர்க் வரை சென்றது. 2016 செப்டெம்பர் 15 ஆம் நாள், உடன்படிக்கை மீறப்படவில்லை என்ற விடையே கிடைத்தது.

தியாரோய்க்கு மீள்வோம். 2014 நவம்பரில் ஜனாதிபதி ஒல்லாந்து அங்குள்ள கல்லறைக்குச் சென்றார். 2024 இல், அங்கு கொல்லப்பட்டோருள் ஆறு பேர் 'பிரான்சுக்காக உயிர்நீத்தோர்' எனப் பிரெஞ்சு அரசால் ஏற்கப்பட்டனர். அதே ஆண்டு நவம்பரில், எண்பதாம் ஆண்டு நினைவுக்குச் சில நாள்கள் முன்னதாக, ஜனாதிபதி மக்ரோன் செனகல் ஜனாதிபதிக்கு எழுதிய மடலில் அது படுகொலை என்ற சொல் முதன்முதலாக இடம்பெற்றது. அந்த அறுவருள் ஒருவரின் மகன் எண்பது வயதைக் கடந்தவர். தந்தை பெற்றிருக்கவேண்டிய 1940 முதல் 1944 வரையான போர்க்கைதிச் சம்பளத்தின் முக்காற்பங்கை அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.